ஐந்தாவது காயில்

அண்ணியும் நாத்தனாரும் பேச்சை நிறுத்தி அன்றோடு பதினொரு நாள் ஆகியிருந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. உலகத்தில் எத்தனையோ அண்ணிகளும் நாத்தனார்களும் வருஷக்கணக்கில் பேசாமல் சௌக்கியமாகவே இருக்கிறார்கள். ஆனால் இவர்கள் இரண்டு பேரும் கூட்டாக ஒரு பட்டறை நடத்திவந்தார்கள். காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரை ஒரே மோட்டாரின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்றாக வேண்டும். சிக்கல் அங்கேதான்.

நாத்தனார் காயில் கட்டுகிறவள். செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, மோட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் இடுக்குகளில் ஒவ்வொன்றாகச் செருகி, நூல் போட்டு இறுக்கி, வார்னிஷில் முக்கிக் காயவைப்பாள். இருபது வருஷப் பழக்கத்தில் அவள் விரல்கள் தாமாகவே சுற்று எண்ணும். அண்ணி படித்தவள். நாத்தனார் கட்டி முடித்த மோட்டாருக்குப் புத்தி சொல்வது அவள் வேலை. எந்தக் கணத்தில் எந்தக் காயிலுக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும், அச்சு எவ்வளவு பலத்தோடு முறுக்கித் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு, லேப்டாப்பில் எழுதி, கன்ட்ரோல் பெட்டிக்குள் ஏற்றிவிடுவாள். இரண்டு பேர் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. நல்ல நாளில் அதன் வழியே சைகையிலேயே வம்பளப்பார்கள்.

அண்ணிக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் எங்கே எந்தத் தப்புச் செய்தாலும் அதைத் திருத்தாமல் அவளால் மூச்சு விட முடியாது. பேருந்தில் முன் சீட்டுக்காரர் தன் நண்பரிடம் தேதியைத் தப்பாகச் சொன்னால்கூடப் பின்னாலிருந்து எட்டி, "இருபத்தி மூணு இல்லைங்க, இருபத்தி நாலு" என்பாள். "நீ திருத்தலைன்னா அந்தத் தேதி அப்படியே நின்னுடவா போகுது?" என்று கேட்டுக் கேட்டு அவள் கணவர் அலுத்துப் போயிருந்தார். அவர் தபால் ஆபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவர். முகவரி தப்பாக இருந்தாலும் எப்படியோ கொண்டு சேர்த்துவிட வேண்டும் என்று நினைக்கிற ஜாதி.

சண்டை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகு ஒன்றுக்கு டீசல் இன்ஜினை எடுத்துவிட்டு மின்சார மோட்டார் வைக்கும் வேலை வந்தது. இந்தக் கரையில் மார்க்கெட், அந்தக் கரையில் ஆஸ்பத்திரி. நடு ஆற்றில் படகு நின்றுபோனால் ஊர் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். காற்றடிக்கும் நாளில் சிரிப்போடு போகாது. அதனால்தான் அண்ணி சாதாரணமாக எல்லாரும் வைக்கிற மூன்று ஃபேஸ் மோட்டார் வேண்டாம், ஐந்து ஃபேஸ் மோட்டார் வைக்கலாம் என்றாள்.

"மூணோ அஞ்சோ, ஓடினா சரி. எதுக்கும்மா அஞ்சு?" என்றார் படகுக்காரர். இருபத்தாறு வருஷமாக டீசல் புகையிலேயே வெந்த மனிதர்.

"பார்க்ல குழந்தைங்க சுத்துற ராட்டினம் பாத்திருக்கீங்கல்ல? அதைச் சுத்தி அஞ்சு பேர் சம இடைவெளியில நிக்கிறாங்கன்னு வைங்க. ஒவ்வொருத்தரும் தன் முறை வரும்போது தள்ளணும். ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் நடுவுல எழுபத்தி ரெண்டு டிகிரி. முறை தவறாம தள்ளினா ராட்டினம் வழுக்கிட்டுப் போகும். அஞ்சுல ஒருத்தர் கால் சுளுக்கி உக்காந்துட்டாலும் மிச்சம் நாலு பேரு, 'நீ கொஞ்சம் முன்னாடி தள்ளு, நான் கொஞ்சம் அழுத்தித் தள்றேன்'னு மாத்தி வச்சுக்கிட்டா ராட்டினம் நிக்காது. பலம் பத்துல ஏழு பங்கா குறையும். அவ்வளவுதான். படகு கரைக்கு வந்துடும்."

"மூணு பேர்ல ஒருத்தர் உக்காந்தா?"

"ரெண்டு பேர் தள்ளினா குலுங்கும். நின்ன இடத்துலேர்ந்து கிளப்பவே முடியாது."

படகுக்காரருக்கு ராட்டினம் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அண்ணிக்கு 'எழுபத்திரண்டு' என்று பெயரும் வைத்துவிட்டார். "எழுபத்திரண்டு இருக்காங்களா?" என்றுதான் பட்டறைக்குள் வருவார்.

நாத்தனார் பத்து நாள் உட்கார்ந்து, ஃபேஸுக்கு ஒன்றாக ஐந்து காயிலையும் கட்டினாள். அண்ணி பெட்டியை இணைத்தாள். ஓட விட்டார்கள். வேகமாக ஓடும்போது மோட்டார் பட்டு மாதிரி ஓடியது. மெதுவாக ஓட்டினால் மட்டும் அச்சில் ஒரு நடுக்கம். மேசைமேல் வைத்த தண்ணீர் டம்ளரில் வளையம் வளையமாக அலை எழும்பியது. அண்ணி இரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். முதல் நான்கு ஃபேஸிலும் மின்சாரம் அழகாக ஏறி இறங்கியது. ஐந்தாவதில்தான் ஏதோ கோணல். உடனே சோதனை டயரியை எடுத்து, குண்டு குண்டான கையெழுத்தில், 'ஐந்தாவது காயில் சந்தேகத்துக்குரியது' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள்.

அந்தக் கோடுதான் வினை. நாத்தனார் அதைப் படித்தாள்.

"சந்தேகத்துக்குரியதா? என் காயில் என்ன, போலீஸ் ஸ்டேஷன்லயா உக்காந்திருக்கு?"

"நான் காயிலைத்தான் சொன்னேன். உன்னைச் சொல்லல."

"ஓஹோ. காயில் தன்னைத் தானே கட்டிக்கிச்சு, இல்ல அண்ணி?"

"அளந்து பாரேன். இதுக்கு ஏன் இப்படி முறுக்கிக்கிறே?"

"அது உங்க டிபார்ட்மென்ட். முறுக்குறது, இறக்குறது எல்லாம் நீங்கதானே கன்ட்ரோல் பண்றீங்க!"

நாத்தனார் கண்ணாடித் தடுப்பு அதிரும்படி கதவைச் சாத்தினாள். ஐந்தாவது காயிலின் நட்டை மட்டும் கழற்றி, மீட்டர் வைத்து அளந்தாள். கட்டியபோதே அளந்து வைத்திருந்த மற்ற நான்கோடு ஒப்பிட்டாள். ஐந்து காயிலின் அளவும் கடைசிப் புள்ளி வரை ஒன்றே. மோட்டாரின் முதுகில் அந்த ஐந்து எண்களையும் சாக்பீஸால் எழுதி, கீழே, 'வேறு எங்காவது தேடவும்' என்று போட்டாள். மறுநாள் காலை அண்ணி அதற்குக் கீழே, 'இது மட்டும் போதாது' என்று எழுதினாள். இப்படியாகப் பேச்சுவார்த்தை சாக்பீஸுக்கு மாறியது.

வீட்டிலும் அதே கதைதான். மாடியில் அண்ணி குடும்பம், கீழே நாத்தனார். சாப்பாடு மட்டும் எப்போதும் சேர்ந்துதான். நடுவே உட்கார்ந்திருக்கும் கணவருக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

"என்னங்க, உங்க தங்கச்சிக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு வேணுமான்னு கேளுங்க."

"அண்ணா, சந்தேகத்துக்குரியவங்களுக்கு எல்லாம் குழம்பு ஊத்தலாமான்னு கேளு."

அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி, "இந்தத் தபாலுக்கு நான் ஸ்டாம்ப் ஒட்டணுமா, வேண்டாமா?" என்பார். இரண்டு பேரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் தோற்றதாக ஆகிவிடுமே.

வெள்ளோட்ட நாள் முன்பே குறித்தாகிவிட்டது. மோட்டாரைக் கொண்டுபோய்ப் படகில் இறக்கினார்கள். நடுக்கம் போகவில்லைதான். ஆனால் 'மெதுவாகப் போகும்போது மட்டும்தானே, தண்ணீரில் தெரியாது' என்று அண்ணி தன் மனசைத் தேற்றிக்கொண்டாள். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் கிழித்திருப்பாள்.

படகுக்கு அனுமதி கொடுக்கத் துறைக்கு வந்திருந்த பரிசோதகர் நல்ல உயரம். உயிர்காக்கும் சட்டையை முதல் படியிலேயே வாங்கிப் போட்டு, எல்லா வாரையும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். வருஷத்துக்கு நாற்பது படகைச் சோதிக்கிறவருக்கு நீச்சல் தெரியாது என்பது அந்த இறுக்கத்திலேயே தெரிந்தது. பயணிகளுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை பெஞ்சுகளில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அண்ணி லேப்டாப்போடு வலது ஓரம். நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு இடது ஓரம். நடுவே இருபத்திரண்டு மணல் மூட்டைகள்.

படகு துறையை விட்டு மெல்ல நகர்ந்ததும் பலகைகள் கடகடவென நடுங்கின.

"என்னம்மா எழுபத்திரண்டு, உங்க மோட்டாருக்குக் குளிர் ஜுரமா?" என்றார் படகுக்காரர்.

நாத்தனார் ஆற்றைப் பார்த்தபடி, ஆற்றிடமே சொல்வதுபோல, "அஞ்சாவது காயிலுக்குத்தான் ஜுரமாம். டயரியிலயே எழுதி வச்சிருக்காங்க" என்றாள்.

அண்ணிக்குக் காது சிவந்தது. வேகம் கூட்டச் சொன்னாள். நடுக்கம் அடங்கியது. பரிசோதகர் தன் பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறியிட்டு வந்தார். திருப்பம், சரி. நிறுத்தம், சரி. பின்னால் போவது, சரி. கடைசியில் ஒன்று பாக்கி: ஓடும்போதே ஒரு ஃபேஸைத் துண்டித்து, படகு கரை சேர்கிறதா என்று காட்ட வேண்டும். அதற்கென்று அண்ணி லேப்டாப்பில் ஒரு பொத்தானே வைத்திருந்தாள். பரிசோதகர் இன்னும் அந்த வரிக்கு வரவில்லை.

நடு ஆறு. எதிர்க்காற்று. படகுக்காரர் முழு பலத்தையும் கொடுத்தார். கருகின ரப்பர் வாசனை ஒன்று மெல்ல மேலே வந்தது. நாத்தனார்தான் முதலில் மூக்கைச் சுருக்கினாள். அண்ணி லேப்டாப்பைப் பார்த்தாள். திரையில் அலையடித்துக்கொண்டிருந்த ஐந்து கோடுகளில் ஐந்தாவது ஒரு துள்ளு துள்ளி, படுத்துவிட்டது.

அவள் லேப்டாப்பின் மேல் பாய்ந்தாள். ஆனால் அவள் கைகளுக்கு வேலை இல்லை. எல்லாவற்றையும் எப்போதோ எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாளே! கண் இமைக்கும் நேரத்தில் மிச்சமிருந்த நான்கு கோடுகளும் தங்கள் முறையை மாற்றிக்கொண்டன. ஒன்று கொஞ்சம் உயர்ந்தது, ஒன்று கொஞ்சம் முந்தியது. படகு ஒரு மூச்சு தயங்கி, வேகம் சற்றுக் குறைந்து, மறுபடி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.

படகுக்காரர் தலையைச் சொறிந்தார். "காத்து ஜாஸ்தியோ?"

பரிசோதகர் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். படுத்துக் கிடந்த கோட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஓ! துண்டிச்சுட்டீங்களா? பிரமாதம்! ஆனா சொல்லிட்டுச் செய்யக்கூடாதாம்மா? நான் நேரம் குறிச்சிருப்பேனே." பேனாவைத் திறந்தார்.

இரண்டு பெண்களும் பதினொரு நாளில் முதல் முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனாரின் கண் மிகத் தெளிவாக, 'வாயை மூடிட்டு இருங்க அண்ணி' என்றது. மணல் மூட்டைகளைத் தாண்டி வந்து பக்கத்தில் நின்று, அண்ணியின் பாதத்தின் மேல் தன் பாதத்தை வைத்து லேசாக அழுத்தவும் செய்தாள். அண்ணியும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். பரிசோதகரின் பேனா தாளைத் தொட்டது. தப்பான ஒன்று எழுத்தில் ஏறப் போகிறது. அவளால் முடியவில்லை.

"நாங்க துண்டிக்கல சார். அதுவா போச்சு."

நாத்தனார் பாதத்தை நன்றாகவே மிதித்தாள்.

"அதுவாவா?" பரிசோதகர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இது விபத்தா?"

"ஆமா சார்."

"மூழ்குமா?"

"மூழ்காது சார். இதுக்காகத்தான் அஞ்சு ஃபேஸ்."

அவர் உயிர்காக்கும் சட்டையின் வாரை இன்னொரு முறை இறுக்கினார். "வருஷத்துக்கு நாப்பது படகு பாக்கிறேன். விபத்தை யாரும் இப்படித் திருத்திச் சொன்னதில்லை" என்று முணுமுணுத்துவிட்டு, 'ஒரு ஃபேஸ் தானாக அறுந்தது. படகு கரை சேர்ந்தது. காரணம் கண்டுபிடித்துச் சொல்லவும். மறுசோதனை அடுத்த வியாழன்' என்று எழுதினார். 'கரை சேர்ந்தது' என்பதை, கரை கையெட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் எழுதினார்.

துறையில் படகு மெல்ல ஒதுங்கியபோது இன்னொன்றையும் அண்ணி கவனித்தாள். நடுக்கமே இல்லை. நான்கு காயிலில் மோட்டார் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது.

மோட்டாரின் இணைப்புப் பெட்டியைத் திறந்தார்கள். அதுதான் அவர்கள் இரண்டு பேர் ராஜ்யத்துக்கும் எல்லை. உள்ளேயிருந்து வரும் காயில் முனை நாத்தனாருடையது. வெளியேயிருந்து வரும் கேபிள் அண்ணியுடையது. இரண்டையும் சேர்ப்பது ஒரு நட்டு. நான்கு நட்டுகள் பளபளவென்று இருந்தன. ஐந்தாவது கருகி, ஆடிக்கொண்டிருந்தது.

"இதை யாரு இறுக்கினது?" என்றாள் அண்ணி.

"நீங்க இறுக்கலையா?"

"நீதானே கழட்டினே, அளக்கிறதுக்கு?"

"கழட்டினேன். திரும்ப விரலால போட்டு வச்சேன். கடைசி இறுக்கு எப்பவும் நீங்கதானே போடுவீங்க? ஸ்பேனர் உங்க மேசையில இருக்கு!"

"பெட்டி மூடியிருந்துச்சு. நீ முடிச்சுட்டேன்னு நினைச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

படகுக்காரர் இரண்டு பேருக்கும் நடுவே தலையை நீட்டினார். "யாருமே இறுக்கலைன்னு எனக்கே புரிஞ்சு போச்சும்மா. நான் வேணா இறுக்கட்டா?"

மோட்டாரைப் பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கருகின முனையை மாற்ற வேண்டியிருந்தது. அந்தச் சந்தடியில் அண்ணி ஒரு காரியம் செய்தாள். பின்னால் நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள் என்றாலும் அப்போது அவளுக்கு அது நியாயமாகவே பட்டது.

"ஒண்ணு கவனிச்சியா? அஞ்சாவது காயில் விலகினதும் நடுக்கம் சுத்தமா நின்னுடுச்சு. நான் அன்னைக்கே எழுதினேன்" என்றாள்.

நாத்தனார் பதில் சொல்வாள், இரண்டு வார்த்தை கூடவே சொல்வாள் என்று எதிர்பார்த்துத் தயாராக நின்றாள். நாத்தனாரோ மோட்டாருக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜெயித்துவிட்ட அண்ணிக்கு அந்த ஜெயம் ஏனோ ருசிக்கவில்லை.

மறுநாள் பகல் அண்ணி அறிக்கை எழுத உட்கார்ந்தாள். பரிசோதகருக்குக் காரணம் சொல்ல வேண்டுமே. ஐந்தாவது ஃபேஸின் பாதையை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக எழுதிக்கொண்டே வந்தாள்: காயில், நட்டு, கேபிள், மின்சாரத்தை அளக்கும் மானி, மானி சொல்வதைக் கேட்கும் கணக்கு. மானிகள் ஐந்தும் மளிகைக்கடைத் தராசு மாதிரி. தட்டில் ஒன்றும் வைக்காதபோதே முள் கொஞ்சம் தள்ளி நிற்கும். எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று முன்கூட்டியே பார்த்து, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையைப் பெட்டி தானாகவே செய்துகொள்ளும். ஆனால் அண்ணி அதற்கு விடவில்லை. 'மெஷின் தானா பாத்துக்கும்னு விட்டா தப்பு வரும்' என்று ஐந்து எண்ணையும் தன் கையாலேயே அளந்து, நோட்டில் எழுதி, தன் கையாலேயே தட்டச்சு செய்திருந்தாள்.

நோட்டைத் திறந்தாள். ஐந்தாவது மானி: எழுபத்து மூன்று. லேப்டாப்பைப் பார்த்தாள். ஐந்தாவது மானி: முப்பத்தேழு.

லேப்டாப்பை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தாள். முப்பத்தேழுதான்.

ஆக, காயிலில் ஒரு குற்றமும் இல்லை. மானி பொய் சொல்ல, அதை நம்பின கணக்கு ஐந்தாவது காயிலுக்குள் எந்நேரமும் ஒரு சொட்டு வேண்டாத மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ராட்டினம் தள்ளுகிற ஐவரில் ஒருவனுடைய சட்டையைப் பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்திருந்த மாதிரி. இழுத்துப் பிடித்த ஆசாமி வேறு யாருமில்லை. நடு ஆற்றில் ஐந்தாவது கழன்று போனதும் பெட்டி அந்த மானியின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது, நடுக்கமும் நின்றது.

பரிசோதகரைத் திருத்த அவளுக்கு அரை மூச்சு நேரம்கூட ஆகவில்லை. தன்னைத் திருத்திக்கொள்ள எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? முப்பத்தேழை எழுபத்து மூன்றாக மாற்ற இரண்டு நொடி. அதை வெளியே சொல்லத்தான் அந்தப் பகல் முழுக்கப் போதவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் முதுகு தெரிந்தது. எழுந்து கதவு வரை போனாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மறுபடி எழுந்தாள், மறுபடி தண்ணீர். மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. எண்ணைத்தான் மாற்றியாகிவிட்டதே. புது நட்டுப் போட்டதும் சரியாகிவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவளுக்கு அன்றைக்குத் தன் முதுகைப் பார்க்கக் கழுத்து திரும்பவில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு நாத்தனார் மேலே வரவில்லை.

"சீக்கிரமே பட்டறைக்குப் போயிட்டா. நேத்து ராத்திரியும் சரியா சாப்பிடல" என்றார் கணவர். தட்டைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "அஞ்சாவது காயிலை வெட்டி எடுத்துட்டு மறுபடி கட்டப் போறாளாம். 'என் கை தப்பு பண்ணுதா அண்ணா, வயசாகுதா?'ன்னு கேட்டா. இருபது வருஷத்துல அவ இப்படிக் கேட்டு நான் பாத்ததே இல்லை."

அண்ணி கையில் எடுத்ததை வாயில் வைக்கவில்லை. "எப்ப போனா?"

"அரை மணி இருக்கும். ஏன், நீ எங்கே போறே? கையைக் கழுவிட்டுப் போ!"

வார்னிஷில் இறுகின காயிலை வெட்டி எடுப்பதென்றால் சும்மா இல்லை. ஒரு முறை கட்டர் பட்டால் அது செத்தது; பக்கத்துக் காயிலுக்கும் காயம்படும். பத்து நாள் உழைப்பு. அண்ணி பேருந்துக்குக் காத்திருக்கவில்லை. ஐம்பது வயதில், ஒரு காலில் வீட்டுச் செருப்பும் இன்னொரு காலில் வெளிச் செருப்புமாக, ஓட்டமும் நடையுமாகப் போனாள். பட்டறைக் கதவைத் தள்ளும்போது நாத்தனார் மோட்டாரின் மூடியைக் கழற்றி, கண்ணாடி மாட்டி, கட்டரின் வாயைக் காயிலுக்கு நேரே வைத்திருந்தாள்.

"வெட்டாதே!"

நாத்தனார் திரும்பினாள். முதலில் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு செருப்புகளை.

"வீட்ல யாருக்காவது..."

"வீட்ல ஒண்ணுமில்ல." அண்ணிக்கு மூச்சு வாங்கியது. வழி முழுக்கத் தயார் செய்த வாக்கியம் வந்தது. "வந்து, மானியோட ஜீரோ ரீடிங்ல ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறதா தெரியவந்திருக்கு. அதன் விளைவா கன்ட்ரோல்ல ஒரு டிசி ஆஃப்செட்..."

"அண்ணி. மனுஷ பாஷையில சொல்லுங்க."

"எழுபத்தி மூணுன்னு போட வேண்டிய இடத்துல முப்பத்தி ஏழுன்னு போட்டிருக்கு."

"யாரு போட்டது?"

"நான்."

"காதுல விழல."

"நான்தான்! நான்தான் போட்டேன்! உன் காயில்ல ஒரு குறையும் இல்ல. நேத்தே தெரியும். சொல்ல வாய் வரல." கடைசி வாக்கியம் திட்டத்தில் இல்லை. அதுவாக வந்தது.

நாத்தனார் கட்டரைக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண் கலங்குகிறதா, கோபமா என்று அண்ணிக்குப் புரியவில்லை. திடீரென்று அவள் தோள் குலுங்கியது. சிரிப்பு. முக்காலியில் உட்கார்ந்து சிரித்து, அது போதாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"எழுபத்தி மூணு... முப்பத்தி ஏழு... தபால்காரர் பொண்டாட்டி, வீட்டு நம்பரைத் தப்பா போட்டுட்டாங்க!"

"போதும்."

"போதாது அண்ணி. பதினொரு நாள்! எத்தனை வேளை உங்க குழம்பை வேண்டாம்னு சொல்லியிருக்கேன் தெரியுமா? அதுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "நேத்து ராத்திரி முழுக்க என் கையைத்தான் பாத்துட்டிருந்தேன்."

அண்ணி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வார்னிஷ் கறை ஏறின அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு நாத்தனார், "நட்டு விஷயத்துல பாதி தப்பு என்னோடது. அதையும் எழுதிக்குங்க. பாதிதான்" என்றாள்.

அறிக்கையை இரண்டு பேரும் சேர்ந்தே எழுதினார்கள். 'காயிலில் குறை இல்லை' என்ற வரியை மூன்று இடத்தில் போட வேண்டும் என்று நாத்தனார் பிடிவாதம் பிடித்தாள். இரண்டு இடத்தில் முடிவானது. கதை எப்படியோ படகுக்காரர் காதுக்கும் போய், அவர் தான் வைத்த பெயரைத் தானே 'முப்பத்தேழு' என்று மாற்றிக்கொண்டார். அண்ணி திருத்தவில்லை. திருத்த என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை மறுசோதனை. இந்த முறை ஐந்து நட்டையும் அண்ணி இறுக்க, நாத்தனார் சரிபார்த்தாள். பிறகு நாத்தனார் இறுக்க, அண்ணி சரிபார்த்தாள். பரிசோதகர் கேட்டுக்கொண்ட நேரத்தில், சொல்லிவிட்டு, முறையாக ஒரு ஃபேஸைத் துண்டித்துக் காட்டினார்கள். படகு சாதுவாகக் கரை சேர்ந்தது. அறிக்கையைப் படித்த பரிசோதகர், "ரெண்டு இலக்கம் இடம் மாறினதை எல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் பயணிகளோடு படகு கிளம்பியபோது இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் இடம் பிடித்துக்கொண்டார்கள். சத்தமும் இல்லை, நடுக்கமும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடை கொண்டுபோன ஒரு பெரியம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, எவ்வளவு நேரம் உக்கார வச்சிருப்பே? எப்பத்தான் கிளம்பும்?" என்று சத்தம் போட்டார்.

"கிளம்பி அஞ்சு நிமிஷம் ஆச்சும்மா. வெளியில பாருங்க" என்றார் படகுக்காரர். பிறகு பின்னால் திரும்பி, "இதே தொல்லையாப் போச்சும்மா. ஒரு மணி வாங்கித் தொங்கவிட்டு அடிக்கலாம்னு இருக்கேன்" என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை.

அண்ணிக்கு அந்த மணியைப் பற்றி நாத்தனாரிடம் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். அவள் தலை சரிந்து சரிந்து வந்து அண்ணியின் தோளில் விழுந்தது. நல்ல கனமான தலை. ஆறு பாதி கடப்பதற்குள் அண்ணிக்குத் தோள் மரத்துவிட்டது. அக்கரை வந்து, கயிறு கட்டி, எல்லாரும் இறங்கி முடிக்கும் வரை அவள் தோளை அசைக்கவில்லை.